விளக்கும் தாசில்தாரும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

தெருவிளக்கின் ஒளியில் படித்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆன ஒருவர் நம் தஞ்சைத் தரணியில் பிறந்தார் என்னும் செய்தியைக் கேளாமல் இந்தப் பகுதியில் எந்த மாணவனும் பள்ளிப் படிப்பை முடித்திருக்க முடியாது. இலக்கிய மன்றத் தொடக்க விழா, ஆண்டு விழா, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்று எங்கே பார்த்தாலும் சிறப்புரையாற்ற வருகிறவர்கள் இந்தக் கதையைக் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். நாமும் கைதட்டுகிறோம். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் மின்விளக்கு பளிச்சென்று எரிகிறது. நீதிபதியாகும் வழியைத்தான் காணோம்!

கதையைச் சொல்கிறவர்களில் பலர் அவருடைய பெயரைச் சொல்வதில்லை. பெயர் சொல்கிறவர்கள் ஊரைச் சொல்வதில்லை. ஊரையும் பெயரையும் சொல்கிறவர்கள்கூட, அவரைப் பள்ளிக்கு அனுப்பியவர் யார் என்பதைச் சொல்லக் கேட்டதில்லை. அந்தக் கடைசிச் செய்திதான் நமக்கு வேண்டிய செய்தி என்பது என் கருத்து. விளக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மனிதர்களை மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் அந்த விளக்கையே எடுத்துக்கொள்வோம். நான் இயற்பியல் மாணவன். விளக்கைப் பற்றி இரண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு.

முத்துசாமி ஐயர் சிறுவனாக இருந்தது 1840-களில். அன்று நம் நாட்டில் மின்சார விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிணறு தோண்டி வணிக முறையில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதே 1859-இல்தான். மண்ணெண்ணெய் நம் ஊர்களுக்கு வந்து சேருமுன்பே அவர் டெப்டி கலெக்டர் ஆகிவிட்டார்! ஆகவே அவர் படித்த தெருவிளக்கு இலுப்பெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றித் திரி போட்ட விளக்காகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட விளக்கின் ஒளி மூன்று மெழுகுவர்த்திக்குச் சமம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நாம் படித்த விதி. பத்தடி உயரத்தில் தொங்கும் விளக்கிலிருந்து கீழே இருக்கும் புத்தகத்துக்கு வந்து சேருவது, ஓரடித் தூரத்தில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுநிலவு நாளில் வயல்வரப்பில் உட்கார்ந்தால் கிடைக்கும் ஒளியும் ஏறத்தாழ அவ்வளவே.

இதைச் சொல்லி அந்தப் பெரியவரின் உழைப்பைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமன்று. அந்த மங்கிய வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால் அது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரை போன வீட்டில், ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நானும் என் தங்கையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து படித்தோம். கண் எரியும், தலை வலிக்கும், பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். மெழுகுவர்த்தியால் நாங்கள் அறிவாளிகள் ஆகவில்லை. நனைந்து போன புத்தகங்களுக்குப் பதிலாகப் பள்ளியில் புதுப் புத்தகங்கள் கொடுத்தார்கள். வராத பிள்ளைகளைத் தேடி ஆசிரியர்கள் வீடு வீடாக வந்தார்கள். அதனால்தான் எங்களில் பலர் பள்ளிக்குத் திரும்பினோம். மெழுகுவர்த்தி எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆசிரியர் தேடி வராத வீட்டுப் பிள்ளை நின்றுவிட்டான்.

இனி அந்தப் பெரியவரின் வரலாற்றுக்கு வருவோம்.

முத்துசாமி ஐயர் 1832 ஜனவரி 28-ஆம் நாள் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவிலுள்ள உச்சுவாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயோடு திருவாரூர் வந்து சேர்ந்தார். பிழைப்புக்கு வழி வேண்டுமே! கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக, கணக்கெழுத உதவும் பையனாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் ஒரு ரூபாய். நிலவரி, சாகுபடி, பாக்கி என்று ஓலையிலும் தாளிலும் எழுதிவைக்கும் அந்த வேலையைச் செய்தவர்களைத்தான் பின்னாளில் கர்ணம் என்று நம் தாத்தாக்கள் பயந்து பயந்து அழைத்தார்கள். 1980-இல் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம் முறையை ஒழித்தது. அதன் பிறகு வந்தவரே இன்றைய கிராம நிர்வாக அலுவலர். அந்த அலுவலகத்தில் இன்று தாள் எடுத்துக் கொடுக்கும் ஒரு பையனை மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அவன்தான் நம் கதாநாயகன்.

அந்தப் பையனை ஒருவர் கவனித்தார். அவர் திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். பெயரும் ஒன்றாக அமைந்தது ஒரு விந்தை.

ஒரு நாள் ஆற்றங்கரை உடைப்பெடுத்துவிட்டது என்று தாசில்தாருக்குச் செய்தி வந்ததாம். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு உடைப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் கரையில் ஓர் எலிவளை அளவு துளை விழுந்தாலும் விடிவதற்குள் ஊர் மிதக்கும், நட்ட பயிர் அழுகும், வரி வராது. வரி வராவிட்டால் தாசில்தாருக்கு மேலிடத்திலிருந்து ஓலை வரும்! அனுப்புவதற்கு எழுத்தர் எவரும் அந்த நேரத்தில் அருகில் இல்லை. இருந்தவன் இந்தப் பையன்தான். போய்ப் பார்த்து வா என்று அனுப்பினார். அவன் போனான், பார்த்தான், சேதம் எவ்வளவு, செய்ய வேண்டியது என்ன என்று ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்து கொடுத்தான். தாசில்தார் விசாரித்துப் பார்த்ததில் அவன் எழுதியது சரியாக இருந்தது. வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்லும் செய்தி இது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்தப் பையனின் திறமை விளக்கடியில் வெளிப்படவில்லை. ஆற்றங்கரையில், சேற்றில் வெளிப்பட்டது. அதைவிட முக்கியமானது, அவன் எழுதிக் கொடுத்த தாளை வாங்கிய கை அதைப் படித்துப் பார்த்தது. 'பரவாயில்லையே பையன்' என்று சொல்லிவிட்டு மறுநாளும் அவனையே வேலை வாங்கிக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? சொல்லப்போனால் ஓர் அதிகாரிக்கு இலாபமே அதுதான். நல்ல எழுத்துக்காரப் பையன், மாதம் ஒரு ரூபாய்! அந்த இலாபத்தை அவர் வேண்டாம் என்றார். பையனை நாகப்பட்டினத்திலுள்ள மிஷன் பள்ளிக்கு ஆங்கிலம் படிக்க அனுப்பினார். பிறகு சென்னைக்கும் அனுப்பிவைத்தார். சென்னையில் பவல் என்னும் ஆங்கிலேய ஆசிரியரிடம் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி அது. அவரும் இந்த மாணவனைக் கவனித்தார். 1854-இல் ஓர் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது.

ஐந்நூறு ரூபாய்! மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அதைச் சேர்க்க நாற்பத்தொரு ஆண்டும் எட்டு மாதமும் ஆகும், அதுவும் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் இருந்தால். நாகப்பட்டினம் போகாமல் திருவாரூரிலேயே அவர் இருந்திருந்தால் நல்ல கணக்கராக வாழ்ந்து மறைந்திருப்பார். தெருவிளக்கு திருவாரூரில் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்தவை விரைவாகச் சொல்லக்கூடியவை. ஆசிரியர் வேலை, வழக்கறிஞர் தேர்வில் வெற்றி, தரங்கம்பாடியில் முன்சீப், 1859-இல் தஞ்சையில் டெப்டி கலெக்டர், 1865-இல் தென் கன்னடத்தில் சார்பு நீதிபதி, 1868-இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே பி.எல். பட்டத்துக்குப் படித்துத் தேறினார். நம்மில் பலர் அரியர் தேர்வுக்குப் படிக்க நேரமில்லை என்கிறோம். அது வேறு கதை. 1878-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி இருக்கையில் முதல் இந்தியராக அமர்ந்தார்.

அந்த நியமனத்தை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. பதில் சொல்ல இந்தியர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை. அப்போது ஆறு இளைஞர்கள் கூடி ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் ஒரு வார ஏட்டை வெளியிட்டார்கள். அதுவே 'தி இந்து'. அந்த அறுவரில் முதல்வரான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். உச்சுவாடிப் பையனுக்கு எதிராக எழுதியதற்குத் திருவையாற்றுப் பையன் பதில் எழுதினான் என்று நாம் பெருமை கொள்ளலாம். அறுவரும் அப்போது ஏறத்தாழ நம் வயதினரே; சிலர் சட்ட மாணவர்கள். கல்லூரி விடுதியில் உட்கார்ந்து காலத்தைக் குறை சொல்லும் நண்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்த இருக்கையில் இருந்தார். 1891-இல் மலபாரில் மருமக்கள்தாயக் குடும்பங்களின் திருமண முறையைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாமா என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அந்தக் குழுவின் ஆய்வுக்குப் பின்பே 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது. ஒரு தஞ்சாவூர்க்காரர் மலையாளக் குடும்பங்களுக்குச் சட்டம் வகுக்கத் துணை நின்றார் என்பது சிறு செய்தியன்று. 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அதே ஆண்டு 'சர்' பட்டம் வந்தது. 1895 ஜனவரி 25-இல், அறுபத்து மூன்று வயது நிறைய மூன்றே நாள் இருக்கையில் மறைந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருடைய வெண்பளிங்குச் சிலை இருக்கிறது. தலைப்பாகை உண்டு, அங்கி உண்டு. காலில் மட்டும் செருப்பில்லை.

சிலை அவருக்கு இருக்கிறது. தாசில்தார் முத்துசாமி நாயக்கருக்கு எங்கே இருக்கிறது? சிலை வேண்டாம், கதையிலாவது ஓர் இடம் தரக்கூடாதா?

சிலர் கேட்கலாம்: "அப்படியானால் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? யாரோ கைதூக்கி விட்டதால்தான் அவர் உயர்ந்தார் என்கிறாயா?" அப்படிச் சொல்லவில்லை. உடைப்பைப் பார்த்து எழுதி வந்தது அவர் உழைப்பு. ஆனால் அந்தக் காலத்தில் திருவாரூர்ச் சீமையில் உழைக்கும் பையன் அவர் ஒருவர்தானா? கண்ணில் பட்டவர் அவர் ஒருவர். உழைப்பு விதை என்றால் அதற்கு நீர் பாய வேண்டும். மேட்டூர் திறக்காத ஆண்டில் நல்ல விதை வைத்திருந்தவன் எத்தனை மூட்டை கண்டான் என்று என் தந்தையாரிடம் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கனைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். அடுப்பு வெளிச்சத்தில் படித்தார், வழக்கறிஞர் ஆனார், இல்லினாய்ஸ் சட்டமன்ற உறுப்பினர் ஆனார், குடியரசுத் தலைவரும் ஆனார் என்று. அவர் பள்ளிக்குப் போனது எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டு இருக்கலாம். ஆனால் அவருக்குச் சட்டப் புத்தகங்களைக் கடன் கொடுத்து, வழக்கறிஞர் ஆகு என்று ஊக்கி, பிறகு தன் தொழிலிலேயே கூட்டாளியாகவும் சேர்த்துக்கொண்டவர் ஜான் டாட் ஸ்டூவர்ட் என்னும் வழக்கறிஞர். அடுப்பை எல்லாருக்கும் தெரிகிறது. ஸ்டூவர்ட்டை யாருக்குத் தெரியும்? ஏழை உயர்ந்த கதையை உலகம் எங்கும் இப்படித்தான் சொல்கிறார்கள் போலும். உயர்ந்தவன் தனியாக உயர்ந்தான் என்று சொன்னால், உயராதவனுக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? எவ்வளவு வசதியான கதை!

நம் ஜில்லாவிலேயே இன்னொருவரைப் பாருங்கள். திருவிடைமருதூரில் 1863-இல் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர். தந்தையார் முன்சீப். ஆகவே இவர் வரலாற்றில் தெருவிளக்கு இல்லை; அதனால்தானோ என்னவோ பள்ளி விழாக்களில் இவர் பெயரும் இல்லை! புகழ்பெற்ற வழக்கறிஞர், சட்டசபை உறுப்பினர், 1909-இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1911-இல் கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினர். அந்த ஆண்டு டிசம்பர் 28-இல், நாற்பத்தெட்டு வயதில் காலமானார். 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியபோது, இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. ஆனால் நான் இவரை மதிப்பது வேறொன்றுக்காக. இவர் மிதவாதி, பாரதியார் தீவிரவாதி. அரசியலில் இருவருக்கும் ஒத்துவராது. அப்படியிருந்தும் 1907-இல் பாரதியின் பாடல்களைக் கேட்டு உருகி, அவற்றைத் தம் செலவில் அச்சிட்டு ஆயிரக்கணக்கில் இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியின் பாட்டு முதன்முதலில் சிறு நூலாக மக்கள் கைக்குப் போனது இவ்வாறுதான். தம் கட்சிக்காரன் அல்லாத ஒருவனுடைய தாளை வாங்கிப் படித்துப் பார்த்த இன்னொரு கை இது. இவரையும் ஒரு தாசில்தார் என்றே நான் சொல்வேன்.

இனிச் சொல்லப் போவது சற்றுக் கசப்பானது. ஆனால் சொல்லாமல் விட்டால் நான் பிறந்த தெருவுக்கு நான் உண்மையாக இருந்தவன் ஆகமாட்டேன்.

முத்துசாமி ஐயர் ஏழைதான், அதில் ஐயமில்லை. ஆயினும் ஏழ்மையில் இரண்டு வகை உண்டு. எழுத்துத் தெரிந்த வீட்டின் ஏழ்மை ஒன்று. எழுத்தே நுழையாத வீட்டின் ஏழ்மை மற்றொன்று. அவர் தந்தையார் சாஸ்திரி. கணக்கர் திண்ணையில் அவர் போய் உட்காரலாம். யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள். அதே 1840-களில் அதே திருவாரூரைச் சுற்றியிருந்த பண்ணைகளில் எத்தனை பிள்ளைகள் மாடு மேய்த்தார்கள்! அவர்களில் ஒருவன் உடைப்பை முதலில் பார்த்து ஓடிவந்து சொல்லியிருக்கவும் கூடும். உடைப்பை அடைக்க மண் சுமந்தவர்கள் அவன் பெற்றோர்தாமே! ஆனால் அவன் அந்தத் திண்ணை ஏற முடியாது. தாசில்தாரின் பார்வை எவ்வளவு நல்ல பார்வையாக இருந்தாலும், திண்ணையில் இருந்தவன் மேல்தான் அது பட முடியும்.

முதல் இந்திய நீதிபதி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது 1878-இல். பட்டியல் வகுப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற முதல் நீதிபதியான ஏ. வரதராஜன் அவர்கள், அதற்கு முன்னதாகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானது 1973-இல். இடையில் தொண்ணூற்றைந்து ஆண்டுகள்! இந்தத் தொண்ணூற்றைந்து ஆண்டும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எண்ணெய் விளக்கு போய் மண்ணெண்ணெய் விளக்கு வந்தது. அது போய் மின்விளக்கும் வந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

அதே 1973-இல்தான், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு நாற்பத்து நான்கு பேர் எரிந்து மடிந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை அந்த உயர் நீதிமன்றம் விடுவித்தது. மண்ணின் மைந்தர் ஒருவர் நீதிபதி ஆவது நமக்குப் பெருமை. ஆனால் அதனாலேயே மண்ணுக்கு நீதி வந்து சேர்ந்துவிடாது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1862-இலேயே மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் தந்தார். வழக்காடுபவனுக்குத் தன் வழக்கில் என்ன சொல்கிறார்கள் என்று புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரைப் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று மட்டும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறோம். இந்த வேலையையும் சேர்த்துப் படித்தால் நலம்.

இப்போது நம் கல்லூரிக்கு வருவோம்.

என் தந்தை விவசாயக் கூலி. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இவ்விதழைப் படிக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். நம்மை இங்கே கொண்டுவந்தது எது? தெருவிளக்கா? 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, கையில் பேருந்து அட்டை, இலவசப் பாடநூல், மிதிவண்டி, இட ஒதுக்கீடு, அரசுக் கல்லூரி. இவை யாவும் சேர்ந்துதான் நம் தாசில்தார். ஒரு நல்ல மனிதரின் கண்ணில் படுவதற்காகக் காத்திராமல், எல்லாப் பிள்ளையையும் பார்க்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இலவசத்தில் படித்தவன் என்று யாராவது ஏளனம் செய்தால், சர் முத்துசாமி ஐயரும் அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

ஆனால் ஏற்பாடு மட்டும் போதாது. இதற்குச் சான்று என் வகுப்பிலேயே இருந்தான். முதலாண்டில் என் பக்கத்து இருக்கை. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். வகையீட்டுச் சமன்பாடுகளை நான் அவனிடம்தான் கற்றேன். அரசுப் பள்ளியில் படித்தவன். ஆகவே 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவனுக்கு வர வேண்டும். நம் சகோதரிகளுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் வருவதைப் போல. வரவில்லை. வங்கிக் கணக்கோடு ஆதார் எண் இணையவில்லை என்றார்கள். வங்கிக்குப் போனான், வேறிடத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனான், ஆதாரில் பெயரின் முன்னெழுத்து வேறாக இருக்கிறது, திருத்தி வா என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வகுப்பு போயிற்று. வருகைப் பதிவு குறைந்தது. அந்தச் சமயத்தில் அவனிடம் ஒருவர் தெருவிளக்குக் கதையைச் சொன்னார். யார் என்பது வேண்டாம். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "அவர் தெருவிளக்கில் படித்தார். உனக்கு வீட்டில் விளக்கு இருக்கிறது. அப்புறம் என்ன?" என்றார்.

அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் பருவத் தேர்வுக்கு அவன் வரவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தொலைபேசியில் பேசினால் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறான். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவனை இழந்தது நம் வகுப்பு. இயற்பியலும்தான் என்று நான் சொல்வேன்.

அவனுக்கு வேண்டியிருந்தது என்ன? பெரிய உதவி ஒன்றுமில்லை. அவனோடு ஒரு நாள் வங்கிக்கு வந்து, இது இந்தப் படிவம், இங்கே கையெழுத்து என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அதை அப்பா செய்கிறார். இல்லையேல் சித்தப்பா செய்கிறார். நம் வீடுகளில் விண்ணப்பம் என்றாலே பயம். கைநாட்டு வைக்கும் கைக்குப் படிவத்தில் எங்கே வைப்பது என்பதே கேள்வி. நான் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த நாளில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அலைந்தேன். 'உங்கள் குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். இல்லாததற்கு என்ன ஆதாரம் காட்டுவது? என் தாயார் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் ஆதாரம்! கடைசியில் கிடைத்தது. (கட்டணச் சலுகை கிடைத்தாலும் விடுதிச் செலவு கட்டுப்படியாகாது என்பதால் பொறியியல் போகவில்லை. இயற்பியல் எனக்குப் பிடித்துவிட்டது, வருத்தமில்லை.) அந்தச் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வருவது. வட்டாட்சியர் என்றால் பழைய பெயரில் தாசில்தார். முத்துசாமி நாயக்கர் அமர்ந்த அதே நாற்காலியின் வழிவந்த அலுவலகம்! படிவத்தில் ஒரு முன்னெழுத்து தவறியிருந்தால் திருப்பி அனுப்பவும் அங்கே இயலும். நிமிர்ந்து எதிரே நிற்கும் பையனைப் பார்க்கவும் இயலும்.

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறேன். வருகைப் பதிவு குறைந்த மாணவனை அழைத்துக் கண்டிக்கிறீர்கள். அது உங்கள் கடமை. கண்டிப்பதற்கு முன் "ஏனப்பா வரவில்லை?" என்று கேட்டு, அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுகிறேன். நாங்கள் உடனே சொல்லமாட்டோம். முதலில் உடம்பு சரியில்லை என்போம். பாட்டி இறந்துவிட்டதாகவும் சொல்வோம். உண்மை மூன்றாவது கேள்விக்குத்தான் வரும். அப்படி மூன்று முறை கேட்ட ஆசிரியர்கள் நம் கல்லூரியில் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எழுதினால் அவர்களே கோபித்துக்கொள்வார்கள்.

மாணவ நண்பர்களிடம் கேட்பது வேறு. வரும் சேர்க்கை நாளில் நூலக வாசல் வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட முதல்வர் ஐயா அவர்களிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். உதவித்தொகை, பேருந்து அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகிய எதற்கும் படிவம் நிரப்பித் தருவதாக ஏற்பாடு. நானும் இயற்பியல் துறைத் தோழர்கள் இருவரும், வணிகவியலிலிருந்து ஒரு தோழியும் இதுவரை பெயர் கொடுத்திருக்கிறோம். வங்கி வரை கூடப் போய்வர மிதிவண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் நாலைந்து பேராவது வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இயற்பியல் ஆய்வகத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் என்னைப் பார்க்கலாம். நீலம், கறுப்பு என இரண்டு நிறப் பேனாவும் கொண்டு வாருங்கள். சில படிவங்களில் கறுப்பு மையில் எழுதினால்தான் வாங்குகிறார்கள்.